நாட்டிலஸ் பாட மாதிரி: ஓடு அருமை, உயிரி அரைகுறை

மும்பை தாராவியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓர் உயிரியல் வகுப்பை நடத்தி வருகிறேன். அந்த வகுப்புக்காக மூன்று மாதங்களுக்கு முன்பு, பிரின்சஸ் தெருப் பக்கம் ஆய்வகச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் நாட்டிலஸ் என்னும், சுருள் ஓட்டுக்குள் வாழும், கணவாய்க்கு உறவான கடல் உயிரியின் மாதிரி ஒன்றை வாங்கினேன். அச்சிட்ட விலை 7,400 ரூபாய். பேசி 7,000 ரூபாய்க்கு முடித்தேன். பாட மாதிரிகளைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதுவதில்லை என்பதாலும், இந்த மாதிரியில் பாராட்டவும் திருத்தவும் நிறைய இருப்பதாலும் இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருப்பவை இவை: இரண்டு பாதிகளாகப் பிரிந்து காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ரெசின் ஓடு, அதனுள் பொருத்தி எடுக்கக்கூடிய ரப்பர் உடல், ஒரு மரத்தாங்கி, ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்ட பதினாறு பக்கக் கையேடு. ஓட்டின் விட்டம் 21 செ.மீ. நன்கு வளர்ந்த ஒரு நாட்டிலஸின் அளவுக்கு இது பொருந்தும். பிள்ளைகள் இரண்டு முறை கீழே போட்டும் உடையவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டின் குறுக்குவெட்டைப் போல அழகான பாடப்பொருளை என் இருபத்தாறு ஆண்டு ஆசிரியப் பணியில் அதிகம் பார்த்ததில்லை. உள்ளே முத்துப்படலத்தின் மினுமினுப்பு இருக்கிறது. வெளியே செம்பழுப்புப் பட்டைகள் ஓட்டின் மேற்பகுதியில் மட்டும் இருக்க, கீழ்ப்பகுதி வெறும் வெள்ளையாக விடப்பட்டிருக்கிறது. பலரும் அலங்காரத்துக்காகப் பட்டையை ஓடு முழுவதும் இழுத்துவிடுவார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு ஓடு இருண்ட ஆழத்தோடு கலந்துவிட வேண்டும், கீழிருந்து பார்ப்பவனுக்கு மேலே தெரியும் வெளிச்சத்தோடு கலந்துவிட வேண்டும் என்பதே அந்த இரட்டை நிறத்தின் காரணம். ஓட்டின் வாய்க்கு உட்புறம், முந்தைய சுற்றின்மேல் படிந்திருக்கும் கறுப்புப் படலத்தைக்கூட விடாமல் பூசியிருக்கிறார்கள்.

ஓட்டின் உட்புறம் தடுப்புச்சுவர்களால் அறை அறையாகப் பிரிந்திருக்கிறது. அந்த அறைகளை நாங்கள் எண்ணினோம். ஒருவர் விரல் வைக்க, மற்றவர்கள் உரக்க எண்ண, முப்பத்தொன்று வந்தது. வளர்ந்த நாட்டிலஸுக்கு முப்பதுக்கு மேல் அறைகள் இருப்பது இயல்பு. இவற்றில் முதல் ஏழு முட்டைக்குள்ளேயே உருவாகிவிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு இரண்டரை செ.மீ. அளவில், ஏழு அறைகளோடு, தாயின் சிறு வடிவமாகவே பிறக்கிறது. அதன் பிறகு உடல் வளர வளர விலங்கு ஓட்டின் வாயை நோக்கி முன்னே நகர்ந்து, தனக்குப் பின்னால் ஒரு தடுப்புச்சுவரை எழுப்புகிறது. அது குடியிருப்பது எப்போதும் கடைசி அறையில்தான். கடைசி இரண்டு தடுப்புச்சுவர்களுக்கு இடையிலான தூரம், அதற்கு முந்தைய சுவர்களின் இடைவெளியைவிடக் குறைவாக இருப்பதை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கவனித்து, செய்தவர் தவறிவிட்டார் என்று சொன்னாள். அது தவறன்று, வளர்ச்சி முடிந்து பருவமடைந்த நாட்டிலஸ் தன் கடைசிச் சுவரை நெருக்கமாகவே கட்டும். இந்த நுணுக்கம் மாதிரியில் இருப்பதைக் கண்டபோது, ஓட்டை வார்த்தவர் உண்மையான ஓட்டின் நல்ல படம் ஒன்றை வைத்துக்கொண்டுதான் வேலை செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

கையேட்டைப் பிரித்ததும் அந்த மதிப்பு கொஞ்சம் இறங்கிவிட்டது. மூன்றாம் பக்கத்திலேயே, நாட்டிலஸ் ஓடு தங்க விகிதத்தின்படி (ஏறத்தாழ 1.618) சுருள்கிறது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இதை நம்பாதவர்கள் குறைவு. சுவர்க் காலண்டர் முதல் யோகா நிலைய விளம்பரம் வரை இதே கதைதான். நாங்கள் அளவுகோலை எடுத்து, சுருளின் மையத்திலிருந்து ஒரு புள்ளிக்கும், அதே கோட்டில் ஒரு முழுச்சுற்று தள்ளி இருக்கும் புள்ளிக்கும் உள்ள தூரங்களை அளந்தோம். வெளிப்புள்ளியின் தூரம் உட்புள்ளியினதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. தங்கச் சுருள் என்று சொல்லப்படுவதில் அது ஒரு முழுச்சுற்றுக்கு 6.85 மடங்காக இருக்க வேண்டும். உண்மையான நாட்டிலஸ் ஓடுகளிலும் மூன்று மடங்கை ஒட்டித்தான் வருகிறது. எவ்வளவு வளர்ந்தாலும் வடிவம் மாறாத மடக்கைச் சுருள் அது என்பது உண்மை. தங்கம் என்பது மட்டும் ஒட்டவைத்தது. தன் கையேட்டைத் தானே பொய்யாக்கும் பாடப்பொருள் கிடைப்பதும் ஒரு வகையில் நல்வாய்ப்புதான். அன்றைய கணக்கு வகுப்பைப் பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை.

குறைகளில் பெரியது ஓட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்லா அறைகளையும் ஊடுருவிச் செல்லும் ஒரு மெல்லிய சதைக்குழாய் நாட்டிலஸுக்கு உண்டு. சைஃபன்கிள் என்பது அதன் பெயர். நாட்டிலஸில் அது ஒவ்வொரு தடுப்புச்சுவரின் நடுப்பகுதியையும் துளைத்துச் செல்லும். இந்த மாதிரியில் அது ஓட்டின் வெளிவிளிம்பை ஒட்டி, சிவப்புக் கயிறாக ஓடுகிறது. வெளிவிளிம்பில் குழாய் ஓடுவது அம்மோனைட் என்னும், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அழிந்துபோன உறவினத்தின் அடையாளம். தடுப்புச்சுவர் ஓட்டைத் தொடும் கோடு நாட்டிலஸில் எளிய வளைவாக இருக்கும். அம்மோனைட்டில் இலை விளிம்பைப்போல் மடிந்து மடிந்து போகும். மாதிரியில் சுவர்கள் நாட்டிலஸுக்கு உரியவை, குழாய் மட்டும் அம்மோனைட்டுக்கு உரியது. இரு குடும்பத்து ஜாதகங்களை ஒன்றாகத் தைத்ததுபோல் இருக்கிறது.

இந்தத் தவறை நான் உடனே கண்டுகொண்டதற்குக் காரணம் படிப்பு மட்டுமன்று. மாட்டுங்காவில் என் பாட்டியின் பூஜை அலமாரியில் ஒரு சாளக்கிராமம் இருந்தது. கண்டகி ஆற்றிலிருந்து வரும் அந்தக் கறுப்புக் கல்லுக்குள் இருக்கும் சக்கரம் ஓர் அம்மோனைட்டின் ஓடு என்பதைக் கல்லூரியில்தான் அறிந்தேன். அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் கிரெட்டேசியப் பாறைகளிலும், அதாவது டைனோசர் காலத்துப் பாறைகளிலும், அம்மோனைட்டுகளும் பழைய நாட்டிலஸ் வகைகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. 1860-களிலேயே நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் அவற்றைப் படம் வரைந்து விவரித்திருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நெருக்கமான வாசல் வேறு எது இருக்க முடியும்? கையேட்டில் அரியலூர் என்ற சொல்லே இல்லை.

குழாய் எங்கே இருக்கிறது என்பது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். அந்தக் குழாய்தான் ஓட்டை ஓடாக வேலை செய்ய வைக்கிறது. புதிதாக அடைக்கப்பட்ட அறை முதலில் திரவத்தால் நிறைந்திருக்கும். குழாயின் உயிரணுக்கள் அந்தத் திரவத்திலிருந்து உப்பை இழுக்க, உப்பைத் தொடர்ந்து நீரும் வெளியேற, காலியான இடத்தில் வாயு மெல்ல வந்து சேர்கிறது. டென்டனும் கில்பின் பிரவுனும் 1966-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த வாயுவின் அழுத்தம் நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. அதாவது வெளியே கடலின் எடை முழுவதையும் உள்ளிருந்து எதுவும் தாங்கிப்பிடிக்கவில்லை; மெல்லிய ஓடு மட்டுமே தாங்குகிறது. ஏறத்தாழ 800 மீட்டர் ஆழத்தில் அதுவும் தோற்று, ஓடு உள்நோக்கி நொறுங்கிவிடும்.

இந்த இடத்தில் கையேடு இன்னொரு தவறையும் செய்கிறது. நீர்மூழ்கிக் கப்பலைப்போல நாட்டிலஸ் அறைகளில் நீரை நிரப்பிக் கீழே போகிறது, நீரை வெளியேற்றி மேலே வருகிறது என்கிறது. திரவத்தை அகற்றுவது மிக மெதுவான வேலை. ஓர் இரவுக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறி இறங்குவதற்கு அது உதவாது. அறைகளின் வேலை, உடலும் ஓடும் சேர்ந்த எடையை ஏறத்தாழச் சமன்செய்து, விலங்கு மூழ்காமலும் மேலெழாமலும் நிற்கும்படி வைத்திருப்பது. ஏறுவதும் இறங்குவதும் நீந்தித்தான். உடலறைக்குள் இழுத்த நீரைப் புனல் வழியாகப் பீய்ச்சி, பெரும்பாலும் பின்பக்கமாக, ஆடி ஆடி அது நகர்கிறது. இந்தப் புனலை மட்டும் மாதிரியில் மிகச் சரியாகச் செய்திருக்கிறார்கள். கணவாயில் அது மூடிய குழாய். நாட்டிலஸில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்த இரண்டு சதைமடிப்புகள். ரப்பரில் அந்த மடிப்பை விரலால் விரித்துப் பார்க்க முடிகிறது.

மற்றபடி அந்த ரப்பர் உடலைப் பற்றி எனக்கு வருத்தம்தான். நம் பிள்ளைகளுக்குக் கணவாய் தெரியும். சயான் மீன் கடையில் அம்மாவோடு நின்று, மராத்தியில் மாக்குல் என்று கேட்டு வாங்கி வந்தவர்கள் அவர்கள். பேய்க்கணவாயும், அதாவது ஆக்டோபஸும், தெரியும். ஆகவே, கரங்களில் வரிசையாக உறிஞ்சிகள் ஒட்டியிருக்கும் இந்த ரப்பர் பொம்மையைப் பார்த்ததும், "டீச்சர், இது சங்குக்குள் புகுந்த பேய்க்கணவாய்தானே?" என்று ஒருவன் கேட்டான். கேட்டதில் அவன் தவறு ஏதும் இல்லை. நாட்டிலஸின் கரங்களில் உறிஞ்சிகளே கிடையாது. மெல்லிய, வரிவரியான மேடுகளுடைய கரங்கள் அவை. பிசுக்கால் ஒட்டிப் பிடிக்கின்றன. ஒவ்வொன்றும் தன் உறைக்குள் உள்ளிழுத்துக்கொள்ளக்கூடியது. எண்ணிக்கையும் எட்டோ பத்தோ அன்று, தொண்ணூறு அளவில் இருக்கும். மாதிரியில் இருப்பது பதினெட்டு. அச்சில் இவ்வளவுதான் வரும் என்று கடைக்காரர் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இல்லாத உறிஞ்சியை வைப்பதற்கும் அச்சில் தனியாக உழைத்திருப்பார்களே!

கண்ணைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். மாதிரியில் கண்ணுக்குப் பளபளக்கும் கண்ணாடி மணி ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். கடைக்குள் நுழைந்தவரை அது முறைத்துப் பார்க்கிறது, விற்பனைக்கு நல்லது. நாட்டிலஸின் கண்ணில் வில்லையே இல்லை. கண்மணியை மூடும் விழிவெண்படலமும் இல்லை. ஒரு சிறு துளை, அதன் பின்னால் விழித்திரை, நடுவே கடல்நீர்; அவ்வளவுதான். ஆறாம் வகுப்பில் செருப்புப் பெட்டியில் துளையிட்டு, எண்ணெய் தடவிய காகிதத்தில் தலைகீழ்ப் பிம்பம் பார்க்கிறோமே, அதே ஊசித்துளைக் காமிரா. துளை சிறிதானால் பிம்பம் தெளியும், ஆனால் இருளும்; பெரிதானால் வெளிச்சம் வரும், ஆனால் மங்கும். ஏற்கெனவே இருண்ட ஆழத்தில் வாழும் ஒரு விலங்குக்கு இது கடினமான பேரம். கணவாயும் பேய்க்கணவாயும் நம் கண்ணுக்கு நிகரான வில்லைக் கண்ணோடு இருக்க, அதே தலைக்காலிக் குடும்பத்தில் இது மட்டும் துளைக் கண்ணோடு நின்றுவிட்டது. அந்த ஓர் உறுப்பில் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. அந்த ஓர் உறுப்பையே கண்ணாடி மணியால் அடைத்துவிட்டார்கள்.

இவ்வளவு மங்கலாகத் தெரியும் கண் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். நாட்டிலஸ் பெரும்பாலும் மணத்தை வைத்தே வாழ்கிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் கீழே மணமறியும் சிறு உறுப்பு ஒன்று உண்டு. இறந்த மீனும், நண்டும், இறால் வகைகள் கழற்றிப்போட்ட ஓடும் அதன் உணவு. ஆயினும் கண் வீணன்று. 2008-ல் ராபின் குருக், ஜெனிபர் பேசில் என்னும் இரு ஆய்வாளர்கள் நீல ஒளியைக் காட்டி உணவளித்துப் பழக்கினார்கள். பின்னர் ஒளியை மட்டும் காட்டியபோதும் நாட்டிலஸ்கள் கரங்களை நீட்டின. ஒரு நாள் கழித்தும் அந்த நினைவு எஞ்சியிருந்தது. பேய்க்கணவாயின் மூளையில் நினைவுக்கென்று இருக்கும் பகுதி நாட்டிலஸின் மூளையில் இல்லாத நிலையில் இது நடந்தது. கையேட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். மாறாக, ஆபத்து வந்தால் மை பீய்ச்சும் என்று எழுதியிருக்கிறார்கள். நாட்டிலஸுக்கு மைப்பை கிடையாது. ஆபத்து வந்தால் உள்ளே ஒடுங்கி, தலைமேல் இருக்கும் தடித்த தோல் மூடியால் வாசலை அடைத்துக்கொள்ளும்.

செவுள்கள் இரண்டு இணையாக, ஆக நான்காக, சரியாக இருக்கின்றன. அலகும் சரி. மரத்தாங்கி ஓட்டை வாய் மேல்நோக்கி நிற்கும்படி பிடிக்கிறது. உயிரோடு இருக்கும்போது காற்றறைகள் மேலேயும் உடல் கீழேயும் இருக்கும் என்பதால், நான் தாங்கியை ஒதுக்கிவிட்டு ஒரு சும்மாட்டுத் துணியின்மேல் திருப்பி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு குறை சொல்லும் நீங்கள் உண்மையான ஓட்டையே வாங்கியிருக்கலாமே, பழைய சாமான் சந்தையில் தேடினால் கிடைக்காதா என்று ஒரு பெற்றோர் கேட்டார். கிடைத்தாலும் வாங்கக்கூடாது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் நாட்டிலஸ் பொம்பிலியஸ் என்னும் நாட்டிலஸ் இனம் சேர்க்கப்பட்டது. உலக அளவிலும் நாட்டிலஸ் குடும்பம் முழுவதும் 2017 ஜனவரி முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்கா 2018-ல் நாட்டிலஸ் பொம்பிலியஸை அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. சட்டத்துக்குப் பின்னால் இருப்பது அதன் வாழ்க்கைக் கணக்கு. பேய்க்கணவாய் ஓரிரு ஆண்டுகளில் வளர்ந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, இறந்துவிடும். நாட்டிலஸ் பருவமடையவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழும். முட்டைகளை ஒவ்வொன்றாக, மிகச் சிலவே இடும். ஒரு முட்டை பொரிக்க ஏறத்தாழ ஓராண்டு. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பரவுவதில்லை. அதிக ஆழத்தில் ஓடு நொறுங்கும், வெதுவெதுப்பான மேல்நீரில் உடல் தாங்காது. ஆகையால் ஒரு தீவின் பவளச் சரிவில் வாழ்பவை அடுத்த தீவுக்கு எளிதில் போவதில்லை. ஃபிஜி, சமோவா, வனுவாட்டு ஆகிய இடங்களில் வாழ்பவை தனித்தனி இனங்கள் என்று 2023-ல் விவரிக்கப்பட்டதற்கும் இந்தத் தனிமைதான் பின்னணி. மாமிசம் கட்டிய கூண்டை இரவில் இறக்கினால், மணத்தைத் தேடி அவை தாமாகவே வந்து மாட்டிக்கொள்கின்றன. ஒரு சரிவில் சில ஆண்டுகள் இப்படிப் பிடித்தால் அங்கே மீண்டும் நிரம்ப ஆளில்லை. அப்படிப் பிடிப்பதும் பெரும்பாலும் ஓட்டுக்காகவே. ஆக, வரவேற்பறை மேசைக்கு வரும் பாதி ஓட்டைவிட இந்தக் குறைபாடுள்ள ரெசின் எத்தனையோ மேல்.

கடைக்கு மீண்டும் சென்று குறைகளைச் சொன்னபோது, முதலில் அலட்சியமாகவே கேட்டார்கள். இதுவரை எந்தப் பள்ளியும் புகார் சொன்னதில்லை என்பது அவர்களுடைய பதில். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். பட்டியலிலேயே அப்படி அச்சிட்டிருக்கிறது என்பதால் அதை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் இதை வார்த்துத் தருபவர் யார் என்று கேட்டபோது கிடைத்த முகவரி, என் வகுப்பறையிலிருந்து நான்கு சந்து தள்ளி, தாராவியிலேயே இருந்தது. திருநெல்வேலிக்காரர் ஒருவர் இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு அங்கே பட்டறை நடத்துகிறார். ஓட்டின் வெட்டுமுகத்தை ஒரு பெரிய வண்ணப்படத்தைப் பார்த்து அவரே களிமண்ணில் உருவாக்கியிருக்கிறார். குழாயையும் உடலையும் வேறு வேறு படங்களிலிருந்து எடுத்துத் தந்தது கடை.

"அண்ணாச்சி, இந்தக் கண்ணில் மணியே வேண்டாம், வெறும் துளை போதும்" என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. செருப்புப் பெட்டிக் காமிராவைக் கொண்டுபோய்க் காட்டினேன். பட்டறை வாசலில் நின்று எதிர்ச்சந்தின் தண்ணீர் டிரம் தலைகீழாகத் தெரிவதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ வேலை மிச்சம்தான் டீச்சர், மணிக்கு ஒரு சோடி நாற்பது ரூபா ஆகுது" என்றார். அடுத்த வாரம் என் மாதிரியின் கண்களைக் குடைந்து, உட்புறம் கறுப்புப் பூசித் தந்தார். உறிஞ்சிகளையும் மழித்துவிட்டார். குழாயை நடுவுக்கு மாற்ற வேண்டுமானால் அச்சையே புதிதாகச் செய்ய வேண்டும் என்பதால், அடுத்த கொள்முதல் வந்தால்தான் முடியும் என்றார். என் மாதிரியில் தடுப்புச்சுவர்களின் நடுவில் கூரான பென்சிலால் துளைக் குறி இட்டு வைத்திருக்கிறேன். வெளிவிளிம்புச் சிவப்புக் கயிற்றை எடுக்காமல், அம்மோனைட் பாடத்துக்கு அதையே காட்டுகிறேன்.

வாங்கலாமா என்றால், ஓட்டின் பாடத்துக்காக மட்டுமே வாங்கலாம். 7,000 ரூபாய் ஒரு பள்ளிக்குப் பெரிய தொகை. தனிப்பட்ட ஆசிரியருக்கு மிகப் பெரிய தொகை. கையேட்டை நம்பிப் பாடம் நடத்தக்கூடாது. புதிய வார்ப்புகள் அடுத்த மாதம் கடைக்குப் போகும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். கேட்டு வாங்குபவர்கள் பெட்டியைத் திறந்து கண்ணைப் பாருங்கள்: மினுங்கினால் அது பழைய இருப்பு.